குடிக்காமல் ஊற்றிய தண்ணீர்

புளியங்குளம் சந்தியிலிருந்து காட்டோரமாகப் போகும் கிறவல் வீதியின் கடைசி ஊரைப் பற்றி, பிரேமிளா அந்த வீடியோவைப் போடும்வரை வெளியில் எவரும் பேசியதில்லை. பிரேமிளா அந்த ஊர் முன்பள்ளி ஆசிரியை. புதுக் குழாய்க்கிணறு திறக்கிற நாளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைக்கப் போயிருந்தாள். போனில் அவர்களைப் படம்பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது நடந்தது.

நீர்த் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி நாடாவை வெட்டினார். பைப்பைத் திறந்து, ஒரு தம்ளர் தண்ணீரை ஏந்தி, கமராவைப் பார்த்துச் சிரித்து, உதட்டில் வைத்தார். விழாவைப் படமெடுக்க வந்த கமராக்காரர் வேறு பக்கம் திரும்பியதும் தம்ளரைப் பக்கத்துக் குறோட்டன் சாடிக்குள் கவிழ்த்தார். பிறகு வாகனத்துக்குள் கையை விட்டு ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தாகம் தீரக் குடித்தார். பிள்ளைகளின் பாட்டுக்குப் பின்னால் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

பகிடிக்குத்தான் அதை முகநூலில் போட்டாள். விடிந்து பார்த்தால் நாடு முழுக்க ஓடியிருந்தது. பாட்டுக் கட்டினார்கள். அவருடைய தலையைக் குறோட்டன் செடியில் ஒட்டினார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஏசினார்கள். அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார்கள். எங்கேயோ தேடி அவர் மனைவியின் படத்தையும் எடுத்துப் போட்டார்கள்.

முதலில் பிரேமிளாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கீழே வந்த கருத்துகளை வாசிக்க வாசிக்க மனம் சுருங்கியது. அவ்வளவு பேர் எழுதியிருந்தும், அந்த மனிதர் ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதைச் சொல்ல அவள் ஞானேஸ்வரியிடம் போனாள். ஞானேஸ்வரி மாதர் சங்கத் தலைவி. அவருடைய கணவர் மயில்வாகனத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. இரத்தம் சுத்திகரிக்க அவரை பஸ்ஸில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதிலேயே அந்த மனுசியின் வாரம் போய்விடும். அதே சிறுநீரக வருத்தம் அந்த ஊரில் வேறு பல வீடுகளிலும் இருந்தது. ஊரின் பழைய கிணற்றுத் தண்ணீரால்தான் என்று ஞானேஸ்வரிக்குச் சந்தேகம். தண்ணீரைச் சோதித்துச் சொல்லுங்கோ என்று அவர் போய்க் கேட்காத கூட்டமில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள், அடுத்த விஷயத்துக்குப் போவார்கள்.

"அக்கா, நான் பிழை செய்திட்டன் போல கிடக்கு. சனம் சிரிக்குதே ஒழிய வேறொண்டுமில்லை."

ஞானேஸ்வரி வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்கட்டும் பிள்ளை. இவ்வளவு நாளும் ஆர் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தது? இப்ப பாக்கினம். ஆனா அந்த மனுசன்ர பெண்சாதி என்ன செய்தவா? அவாவை ஏசாம விடச் சொல்லி எழுது."

பிரேமிளா அப்படியே எழுதினாள். அதற்கும் சிலர் ஏசினார்கள்.

அடுத்த கிழமை, மேலிடத்து நெருக்குதல் தாங்காமல் அதிகாரி மன்னிப்புக் கேட்க வந்தார். பின்னால் தொலைக்காட்சிக்காரரின் வான்களும் வந்தன. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் சின்னராசா பைப்படியில் ஒரு தம்ளரை நிரப்பித் தயாராக வைத்திருந்தார்.

"சேர், மன்னிப்பு ஒண்டும் வேண்டாம். எங்கட தண்ணியை எங்களுக்கு முன்னால குடிச்சுக் காட்டுங்கோ. அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

சனம் ஓம் ஓம் என்றது. கமராக்கள் நெருங்கின. அதிகாரியின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் தம்ளரை வாங்கினார். குடித்தால் இந்த அவமானம் இன்றோடு முடிந்துவிடும் என்று அவர் தீர்மானித்துவிட்டது பிரேமிளாவுக்குத் தெரிந்தது. அவளும் போனை உயர்த்தினாள்.

அப்போது ஞானேஸ்வரி நடுவில் வந்து அவருடைய கையிலிருந்த தம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"குடிக்காதேங்கோ சேர்."

சின்னராசாவுக்குக் கோபம் வந்தது. "என்ன ஞானேஸ்வரி, அவரைக் காப்பாத்த வந்தனியோ?"

"அண்ணை, இவர் இதைக் குடிச்சா நாங்கள் கை தட்டுவம். ரீவீக்காரரும் போயிடுவினம். நாளைக்கு எங்கட பிள்ளையள் தண்ணி நல்லதெண்டு நம்பி இதைத்தான் குடிக்குங்கள்." பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஊத்தினது பிழையில்லை சேர். உங்கட உயிர் உங்களுக்குப் பெரிசு. என்ர மனுசனும் பழைய கிணத்துத் தண்ணியை அப்பிடி ஊத்தியிருந்தா இண்டைக்கு நல்லா இருந்திருப்பாரோ தெரியாது. உங்களுக்கு என்ன தெரியும் எண்டதை மட்டும் சொல்லுங்கோ."

குரல் உயரவில்லை. அதிகாரி நிலத்தைப் பார்த்தபடி நின்றார். ஏச்சுக்கு அவர் ஆயத்தமாக வந்திருப்பார். இப்படி ஒரு பேச்சை எதிர்பார்த்திருக்கமாட்டார். தலை நிமிராமலே சொன்னார்.

"சோதிச்சனாங்கள் அம்மா. குடிக்க உதவாதெண்டுதான் முடிவு வந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. நிப்பாட்டச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை."

அன்று பின்னேரச் செய்தியில் குறோட்டன் சாடி வரவில்லை. அதிகாரி சொன்ன அந்த வசனம் வந்தது. ஞானேஸ்வரி வந்திருந்த தொலைக்காட்சிக்காரரை ஒவ்வொரு வீடாகக் கூட்டிப்போய், படுத்துக் கிடந்த மனிதர்களைக் காட்டினார். மயில்வாகனம் கட்டிலில் எழுந்திருந்து, இரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றிய தன் கைத் தழும்புகளைத் தானே காட்டினார்.

மறுநாளே பைப்பைப் பூட்டினார்கள். பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிய அடுத்த மழைக்காலம் தாண்டிவிட்டது. அதற்குள் நாடு வேறு வீடியோக்களுக்குச் சிரிக்கப் போயிருந்தது. நிலையம் திறந்த அன்று தொலைக்காட்சி வான் ஒன்றும் வரவில்லை. சின்னராசாதான் முதல் வாளியை நிரப்பி, ஞானேஸ்வரியின் வீட்டுக் குசினி வாசல்வரை தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். அதிகாரிக்கு இடமாற்றம் கிடைத்தது. போகுமுன் பக்கத்து ஊர்களின் சோதனை முடிவுகளையும் வெளியே சொல்லிவிட்டுத்தான் போனார்.

மயில்வாகனத்தின் வருத்தம் மாறவில்லை. பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் அப்படியே தொடர்ந்தன. ஒருநாள் வவுனியாவிலிருந்து வந்து இறங்கிய களைப்போடு ஞானேஸ்வரி முன்பள்ளி வாசலில் நின்றார்.

"பிரேமிளா, ஸ்கூட்டியில எண்ணெய் கிடக்கே? அங்கால ஊர்ப் பெண்டுகள் வரச் சொல்லினம். அவையின்ர கிணறுகளும் இப்பிடித்தானாம்."

"கிடக்கு அக்கா. கொஞ்சம் இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

"வந்து குடிப்பம்."

பிரேமிளா முன்பள்ளிக் கதவைச் சாத்தினாள். அந்த மனுசியின் வீங்கிய கால்களைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஸ்கூட்டியை எடுத்தாள்.