திருநள்ளாறு ஸ்டேஷனுக்கு ஜன்னல்கள்

காரைக்கால் மாடல் ரயில் கிளப்பில் மொத்தமே நாலு பேர். யாகப்பனுடைய எலெக்ட்ரிக்கல் கடைக்கு மேலே இருந்த அறைதான் கிளப். ஒயர் சுருள்களையும் ரிப்பேருக்கு வந்து கிடந்த மின்விசிறிகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அறையின் நீளத்துக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அதன்மேல் காரைக்காலிலிருந்து பேரளம் போகும் பாதை சின்னதாக உருவாகிக்கொண்டிருந்தது. ஊருக்குள் நிஜப் பாதையை மறுபடி போட ஆரம்பித்தபோது இவர்களுக்கும் ஆசை வந்து தொடங்கிய வேலை அது. நிஜப் பாதை முடிந்துவிட்டது. இவர்களுடையது இன்னும் திருநள்ளாறைத் தாண்டவில்லை.

ஒயரிங்கும் மோட்டாரும் யாகப்பன் பொறுப்பு. வயல், வாய்க்கால், தென்னைமரமெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் சிவக்குமார். கட்டிடங்கள் ரிஃபாய். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கட்டிட வரைபடம் வரைந்து காலம் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். நெல்மணி அளவு ஜன்னலை அட்டையில் கத்தியால் வெட்டி, அதற்குள் கம்பியும் வைப்பார். அவர் செய்த காரைக்கால் ஸ்டேஷனைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு.

அந்த ரிஃபாய்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், “திருநள்ளாறு ஸ்டேஷனை லேசர் கட்டர்ல வெட்டிடலாம்” என்றார்.

யாகப்பன் சால்டரிங் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “என்னத்துல?”

“ஜான்பீட்டர் கடையில இருக்குல்ல, ஷீல்டு, நேம்போர்டு வெட்டற மெஷின். அதுல.”

ஜான்பீட்டர் கிளப்பின் நாலாவது ஆள், வயதில் எல்லோருக்கும் இளையவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்தான். திருநள்ளாறு லாட்ஜுகளுக்கு அறை எண் பலகை வெட்டுவதுதான் அவனுக்கு முக்கிய வியாபாரம். “தாராளமா வெட்டலாம் அண்ணே” என்றான் உற்சாகமாக.

“அப்ப கடையில ரெடிமேடா வாங்கி வச்சுட்டுப் போயிடலாமே” என்றார் யாகப்பன். “மெஷின் வெட்டுறதுக்கு நாம எதுக்குடா? ஞாயித்துக்கிழம ஆனா பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கறது எதுக்கு?”

“வேலை சீக்கிரம் முடியும்ல. பொங்கல் லீவுக்குக் கண்காட்சி வைக்கிறோம்னு சொல்லியாச்சு.”

“என்னைக்கிலேர்ந்து உனக்கு அவசரம் வந்துச்சு?”

ரிஃபாய் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில மாதங்களாக அவர் அப்படித்தான் உட்காருகிறார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நடுக்கம் முதலில் கையெழுத்தில்தான் வந்தது. ரேஷன் கடையில் கையெழுத்துப் போடும்போது பேனா தன்பாட்டுக்கு ஒரு சுழி சுழித்தது. குளிர் என்று நினைத்தார். காரைக்காலில் சித்திரை மாதத்தில் என்ன குளிர்? பிறகு சட்டைப் பித்தான் சண்டித்தனம் செய்தது. கல்யாண விருந்துகளில் நாலு பேர் ஒரே சஹன் தட்டில் கை போட்டுச் சாப்பிடும்போது, மற்றவர்கள் மேல் சோறு சிந்திவிடுமோ என்ற பயத்தில், “வயித்துக்குச் சரியில்ல” என்று எழுந்து வந்துவிடுவார். கத்தியை எடுத்து அட்டைமேல் வைத்தால் அதன் முனை கொசு மாதிரி துடித்தது. இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்ட பிறகு கத்தியைத் தொடுவதை விட்டுவிட்டார்.

டாக்டரிடம் போகவில்லை. அவருடைய வாப்பாவுக்கும் இப்படித்தான் கையில் ஆரம்பித்தது. கடைசி வருடங்களில் அவர் கட்டிலிலேயே கிடந்தார். வாயில் ஊட்டிய கஞ்சி தாடியில் வழியும். அதைத் துடைத்துவிட்ட மகனுக்கு, தன் கைக்கு வந்ததன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் வரவில்லை.

ஆனால் கட்டிடம் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தார். மவுஸ் பிடித்தால் கோடு பாம்பாக நெளிந்தது. ஷார்ஜாவில் வேலை கற்ற காலத்தில் கோட்டின் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகத் தட்டி வரைந்த பழக்கம் அவருக்கு இருந்தது. மவுஸை நகர்த்தி வைத்துவிட்டு எண்ணைத் தட்டினார். தப்பாகத் தட்டினால் அழித்துவிட்டு மறுபடி தட்டலாம். எவ்வளவு நேரமானாலும் திரையில் விழுந்த கோடு நேராக நின்றது. அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவர் அழுதது மனைவி நபீசாவுக்குக் கூடத் தெரியாது.

யாகப்பன் முணுமுணுத்தாலும் சிவக்குமாரும் ஜான்பீட்டரும் சரியென்றதால் வேலை தொடங்கியது. அசல் ஸ்டேஷனை அப்படியே எடுக்காமல், முன்னால் தூண் வைத்த தாழ்வாரமும் நீள வரிசை ஜன்னலுமாக ரிஃபாய் தன் கற்பனைக்கு ஒன்று வரைந்திருந்தார். ஜான்பீட்டர் மெல்லிய எம்.டி.எஃப். பலகையை மெஷினுக்குள் வைத்து மூடியை இறக்கினான். உள்ளே ஒரு நீலப் பொட்டு ஓடி ஓடிச் சுவரை வெட்டியது. கடை முழுக்க எரிந்த மரவாடை. ரிஃபாய் கண்ணாடி மூடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். தன் கை எப்போதோ செய்ததை அந்தப் பொட்டு செய்வதைப் பார்க்க அவருக்குப் பொறாமையாக இருக்கும் என்று பயந்திருந்தார். பொறாமை வரவில்லை. பசித்தவன் இலை போடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

முதல் கட்டிடம் சொதப்பியது. சுவரின் பல்லைப் பக்கத்துச் சுவரின் துளையில் செருகினால் லொடலொடவென்று ஆடியது. லேசர் கதிர் போகும் வழியில் மயிரிழை அளவு பலகை எரிந்துபோகும். அதற்கு இடம் விட்டு வரைய வேண்டும் என்பது ரிஃபாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. யாகப்பன் அதை மேஜையில் வைத்து ஊதினார். சுவர் விழுந்தது.

“கடல் காத்து கொஞ்சம் பலமா அடிச்சா திருநள்ளாறே காலி” என்றார். சிவக்குமார் சிரித்தார். ரிஃபாயும் சிரித்தார்.

எண்களை மாற்றி மறுபடி வெட்டியபோது சுவர்கள் டக்கென்று கவ்விக்கொண்டன. தாழ்வாரம் நின்றது. கூரை உட்கார்ந்தது. யாகப்பனே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் ஜன்னல் சட்டங்கள் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து, பசை தொட்டு, துளைக்குள் வைக்க வேண்டும். கிளப்பில் அதைச் செய்கிற கை ஒன்றுதான்.

ரிஃபாய் அதைத் தள்ளிப்போட்டார். ஒரு வாரம் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார். அடுத்த வாரம் பசை சரியில்லை. மூன்றாவது வாரம், “சிவக்குமார், நீங்க வைங்களேன், நான் சொல்லச் சொல்ல” என்றார்.

யாகப்பனுக்குப் பொறுக்கவில்லை. “நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு துரும்பைக் கூட நகத்த மாட்டேங்கற. கம்பெனி எம்.டி. மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துகிட்டு, அவனை வெட்டச் சொல்ற, இவரை ஒட்டச் சொல்ற. ஆசை விட்டுப் போச்சுன்னா சொல்லிட்டுப் போயேன். எங்கள ஏன் வேலைக்காரனாக்கற?”

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து யாகப்பன் அவரை எவ்வளவோ திட்டியிருக்கிறார். ஆசை இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ரிஃபாய் எழுந்து மேஜைக்கு வந்தார். இடுக்கியை எடுத்தார். ஒரு சட்டத்தைப் பிடித்தார், அது விழுந்தது. மறுபடி பிடித்தார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு ஸ்டேஷன் அருகில் கொண்டு போனார். நடுக்கம் முழங்கை வரை ஏறியது. இடுக்கி தாழ்வாரத்தில் மோதி, இரண்டு தூண்கள் முறிந்து, முன்கூரை சரிந்தது.

இடுக்கியை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ரிஃபாய் மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

யாகப்பன் அவரைக் கண்டுபிடித்தபோது அவர் அரசலாற்றங்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. யாகப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓடிவந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“எத்தன நாளா?”

“நோன்பு முடிஞ்சதுலேர்ந்து.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவே? பாவம்பே. அப்புறம் ஒரு நாற்காலி போட்டு, ரிஃபாய், நீ சும்மா உக்காந்து பாருன்னுவே. எங்க வாப்பாவை அப்படித்தான் உக்கார வச்சோம்.”

யாகப்பனுக்கு அந்த வாப்பாவைத் தெரியும். அவருடைய ஜனாஸாவில் அடக்கம் முடியும் வரை நின்றவர்.

“அதுக்குத்தான் மெஷின் மெஷின்னு குதிச்சியா?”

“ம்.”

“நான் ஒரு மடையன், கண்ணு முன்னாடி நடந்தும் தெரியல. ஆனா நீ என்னைவிடப் பெரிய மடையன்டா. நான் பேசினதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம். அந்தக் கையால அறைஞ்சா அஞ்சாறு தடவை விழுந்திருக்கும்.”

ரிஃபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். யாகப்பன் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வூட்ல தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“வா, போவோம். டாக்டரைப் பாக்கணும். நான் கூட வர்றேன்.”

வீட்டில் நபீசா முழுதும் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. “ரெண்டு மாசமா உங்க டம்ளர்ல டீயை அரை டம்ளருக்கு மேல ஊத்தறதில்ல. அதைக் கூடக் கவனிக்கலயா நீங்க?” என்றாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேங்க. கேட்டா மனசு ஒடிஞ்சிடுவீங்களோன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

மூன்று பேருமாகத் தஞ்சாவூர் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் ரிஃபாயை நடக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார், காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார், வாப்பாவுக்கு வந்ததைப் பற்றிக் கேட்டார். “உங்க அப்பாவுக்கு கை சும்மா கிடக்கும்போது நடுங்கியிருக்கும். உங்களுக்கு வேலை செய்யும்போதுதான் நடுங்குது. இது அந்த வியாதி இல்ல” என்றார். “ஆனா முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன்.” கொடுத்த மாத்திரையில் நடுக்கம் பாதிக்குப் பாதி குறைந்தது. மத்தியானத்தில் தூக்கம் தள்ளியது. சோற்றை ஒழுங்காக அள்ள முடிந்தது. கத்தி பிடிக்க முடியவில்லை.

ஜன்னல் பிரச்சினை அப்படியே இருந்தது. யாகப்பன் ஒட்டிப் பார்த்தார். ஸ்டேஷனைவிட அவர் விரல்களில்தான் பசை அதிகம். ரிஃபாய் உடைந்த ஸ்டேஷனை வீட்டுக்கு எடுத்து வந்து முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தார். தனித்தனியாக ஒட்ட வேண்டும் என்று யார் சொன்னது? கையால் வெட்டிய காலத்துப் பழக்கம் அது. மெஷினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றையும், கம்பியோடு, ஒரே தாளாக மெல்லிய அட்டையில் வரைந்தார். உடைந்த தாழ்வாரத்தோடு சுவரையும் புதிதாக வரைந்து, சுவருக்குப் பின்னால் நீளப் பள்ளமாக ஒரு காடி விட்டார். சுவர் நின்ற பிறகு மேலிருந்து அந்தத் தாளை இறக்கினால் போதும். எல்லா ஜன்னலும் தத்தம் இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

முதல் தடவை அட்டை கருகிக் கம்பிகள் உதிர்ந்துவிட்டன. “பவரைக் குறைச்சு, வேகத்தைக் கூட்டிப் பாக்கலாம் அண்ணே” என்றான் ஜான்பீட்டர். கருகாமலிருக்கக் காகித டேப் ஒட்டினான். மறுபடி வெட்டிய தாளை டேப்பை உரித்துத் தூக்கிப் பிடித்தபோது, வெயில் கம்பிகளின் ஊடாக வந்து ரிஃபாயின் சட்டையில் சின்னச் சின்னக் கட்டமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில், அதை யார் இறக்குவது என்று யாரும் கேட்கவில்லை. யாகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரிஃபாய் தாளின் நுனியைக் காடியில் கொண்டுபோய் வைத்தார். கை நடுங்கத்தான் செய்தது. காடியின் வாயை அவர் அகலமாக வரைந்திருந்தார். தாள் இப்படியும் அப்படியும் தடவி, வழி கண்டு, சர்ரென்று உள்ளே இறங்கியது.

“அடப் பாவி!” என்றார் யாகப்பன். குனிந்து ஒரு கண்ணை மூடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிமிர்ந்ததும் முதலில் அவர் கேட்டது, “எனக்கு ஒரு சிக்னல் கம்பம் இதே மாதிரி வரைஞ்சு தர்றியா?”

பொங்கல் விடுமுறையில் கோவில்பத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். முதல் ரயிலை ரிஃபாய்தான் ஓட்ட வேண்டும் என்று யாகப்பன் பிடிவாதம் பிடித்தார். ரயிலை முன்னும் பின்னும் ஓட்டும் வேகத் திருகு ரிஃபாய் கையில். ரயில் காரைக்காலை விட்டுப் புறப்பட்டு, சிவக்குமாரின் வயல்களைக் கடந்து, திருநள்ளாறு ஸ்டேஷன் நெருங்கும்போது வெட்டி வெட்டி இழுத்தது.

“ஏன் சார் குலுங்குது?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“தண்டவாளம் மாறும்போது அப்படித்தாங்க” என்றார் சிவக்குமார், வகுப்பில் பாடம் சொல்கிற குரலில். கேட்டவர் தலையாட்டினார்.

நபீசா கணவரின் காதருகே குனிந்தாள். “இந்த ரயில்ல ஏறினா திருநள்ளாறு வர்றதுக்குள்ள எனக்கு வாந்தி வந்துடுங்க.”

ரிஃபாய் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பில் கை இன்னும் ஆட, ரயில் ஒரு முறை பின்னால் நகர்ந்து, பிறகு முன்னேறி, தாழ்வாரத்தை ஒட்டி வந்து நின்றது. ஸ்டேஷனுக்குள் யாகப்பன் வைத்திருந்த விளக்குகள் எரிந்தன. கூட்டம் ஜன்னல்களைப் பார்க்க முன்னால் நெருங்கியது.