பழைய ரம்மும் சுருட்டும் வைத்த இலை

1

இந்தக் கதை ஒரு விளம்பரத் துண்டிலிருந்து பிறந்தது, மறைத்துப் பயனில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் புதிதாகத் திறந்த விடுதி ஒன்று, பழைய ரம்மையும் சுருட்டையும் சேர்த்து எப்படி ருசிப்பது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னது. புகைத்தால் இருமுகிற என்னிடம் ஏன் கேட்டார்களோ! காசில்லாத மாதம், ஒத்துக்கொண்டேன். எழுதியது இது:

‘பன்னிரண்டு வருடம் பீப்பாயில் கிடந்த ரம்மை முதலில் ஒரு மிடறு. விழுங்க அவசரப்படாதீர்கள். நாக்கில் கருப்பட்டியும் மரமும் தெரிந்த பிறகு சுருட்டை ஓர் இழுப்பு. கனத்த ரம்முக்குக் கனத்த சுருட்டு, மெல்லியதற்கு மெல்லியது. ஒன்று மற்றதை—’

அதோடு பேனா நின்றுவிட்டது. [‘உயிர்ப்பிக்கும்’ என்று எழுதி அடித்தேன். காரணம் போகப் போகத் தெரியும்.]

தாளைக் கொடுக்கப் போன இடத்தில் சாப்பாட்டுப் பொறுப்பாளர் ஒரு செய்தி சொல்லிச் சிரித்தார். ரம் விருந்துக்கு மேசை வைத்த பெண், கிளாசுகளுக்குக் கீழே வாழையிலை விரித்துவிட்டாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பக்கூடியது இந்த ஒரு செய்தி மட்டும்தான். மீதி என் கற்பனை, அந்தப் பெண்ணின் பெயர் உட்பட.

2

தொடக்கங்கள்:

‘யசோதினி அன்று காலை எழுந்தபோது வாவி—’ வேண்டாம். வாவியை வர்ணிக்கத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன்.

‘கடல் உதயரூபனைக் கொண்டுபோய் ஏழு வருடம்—’ இது பரவாயில்லை. ஆனால் முதலில் ஒரு முறையைச் சொல்லியாக வேண்டும்.

யசோதினியின் வீட்டில் செத்தவருக்குத் திவசம் கொடுக்கும்போது அவர் விரும்பியதெல்லாம் இலையில் ஏறும். குடித்தவர் என்றால் ஒரு கிளாஸ் சாராயம். புகைத்தவர் என்றால் சுருட்டு, பக்கத்தில் தீப்பெட்டி. பற்றவைக்கக் கூடாது, அது அவருடைய வேலை. பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். கொஞ்ச நேரம் போக, கதவில் மூன்று முறை தட்டுவார்கள். வந்தவர் சாப்பிட்டது போதும், கிளம்பலாம் என்று அதற்கு அர்த்தம். தட்டாமல் யாரும் திறப்பதில்லை.

கடல் கொண்டுபோன அவள் புருஷன் உதயரூபனின் உடல் கிடைக்கவில்லை. அதனால் முதல் வருடம் அவள் இலை போட மறுத்தாள். இரண்டாம் வருடம் உதயரூபனின் அக்கா ஆச்சிப்பிள்ளை வந்து, “நீ வைக்காட்டி அவன் பட்டினியாத் திரிவான்கா” என்று அழுதாள். யசோதினி வைத்தாள். அவன் செத்துப்போனான் என்பதை அவள் வாய் அன்றுதான் முதல்முறை சொன்னது. அதன் பிறகு வருடா வருடம், திதி பார்த்தல்ல, சுனாமி வந்த டிசம்பர், எங்கள் கணக்கில் மார்கழி, இருபத்தாறு என்று திகதி பார்த்து.

3

2011, மார்கழி இருபத்தைந்து, பின்னேரம். தேற்றாத்தீவிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்த யசோதினியிடம் பொறுப்பாளர் றிஸ்வி சொன்னார்:

“புள்ள, இந்தச் சாமானுக்குக் கிட்டப் போக எனக்கு ஏலா. பன்னிரண்டு பேருக்கு மேசை. ஊர் முறையில வடிவா வெச்சிடுங்க. மாலைதீவில இருந்து ஒரு ரம்காரர் வாறாராம், மத்தத அவர் பாப்பாரு.”

அவள் மனம் முழுவதும் நாளைய திவசத்தில் இருந்தது. இறால் வாங்க வேண்டும். காய்ச்சிய சாராயம் சொல்லி வைத்தாயிற்று. கை பாட்டுக்கு வேலை செய்தது. பன்னிரண்டு தலைவாழையிலை, நுனி இடப்பக்கம். இலைக்கொரு கிளாசில் ரம், குறுக்கே ஒரு சுருட்டு, தீப்பெட்டி, மடித்த வெற்றிலை. கடைசியாக ஒரு கை நீர் தெளித்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தலையைக் குனிந்துகொண்டு நடைபாதையில் நின்றாள்.

தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, விருந்தாளிகளுக்கல்லவா வைக்கச் சொன்னார்கள்!

ஓடிப்போய் இலைகளை வாரிவிடலாம் என்று கையை நீட்டினாள். அவள் தொடுவதற்கு முன் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

“ஆர் இத வெச்ச? செத்த ஆக்களுக்கு வைக்கிற மாதிரி…”

கறுப்புக் கோட்டு, வாரிவிட்ட தலை, இடது புருவத்தில் தூண்டில் கிழித்த பழைய தழும்பு. உதயரூபன்.

யசோதினி கத்தவில்லை. ஐந்து வருடம் சாத்திய கதவுக்கு வெளியே நின்று மனதுக்குள் கேட்டதுதான் வாயிலிருந்து வந்தது:

“குடிச்சிட்டீங்களா?”

4

இங்கே நீங்கள் தாளைக் கீழே வைக்கலாம். புருஷன் இப்படி வந்து நிற்பதை நானே மூன்று நாள் நம்பவில்லை. அவன் வந்தது தற்செயல் இல்லை என்றாவது சொல்லிவிடுகிறேன்: றிஸ்வி சொன்ன மாலைதீவு ரம்காரர் அவன்தான், தோட்டப் பக்கக் கதவால் உள்ளே வந்தவன், ஊரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இந்த விருந்தைக் கேட்டு வாங்கியவன்.

ஆனால் ஏழு வருடம் ஏன் வரவில்லை? [மறதிநோய் என்று நாலு பக்கம் எழுதினேன். கிழித்தேன். மாலைதீவில் இன்னொரு மனைவி, அதையும் கிழித்தேன்.] குசினிக்குப் பின்னால், விருந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அவனே சொல்லட்டும்.

“சண்டைபிடிச்ச ரெண்டு பக்கமும் என்னத் தேடினாங்க யசோ. கடல் வந்த அன்டைக்கு நான் வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவில ஒளிச்சு நின்டனான். மறுகா செத்தவங்கட பேரோட என்ட பேரையும் வாசிச்சாங்களாம். செத்தவன ஆரும் தேடமாட்டாங்க என்டு நினைச்சன்.”

“நான் தேடினன்” என்றாள். “ஆரையம்பதில இருந்து கல்லாறு மட்டும் கரை முழுக்க, கிடந்த பொணமெல்லாம் பிரட்டிப் பாத்தன்.”

அவன் கோட்டின் பொத்தானைத் திருகினான்.

“சண்டை முடிஞ்சும் ரெண்டு வருசமாச்சே.”

“வெக்கமா இருந்திச்சு.”

இந்தச் சொல்லை எழுதிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். வெட்கமாம்! இதைவிடப் பெரிய காரணம் ஒன்று அவளுக்குக் கொடுக்க எவ்வளவோ முயன்றேன், கிடைக்கவில்லை.

“நாளைக்கு வீட்ட வரட்டா?”

“நாளைக்கு உங்கட திவசம்” என்றாள் யசோதினி.

உள்ளே விருந்தாளிகள் இலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மிக வடிவாம். அவன் போய், பன்னிரண்டு வருடம் காத்திருந்தால் ரம்முக்கு என்னென்ன ருசி வரும் என்று ஆங்கிலத்தில் விளக்கினான். அவள் தட்டுகளை எடுத்தாள்.

5

மறுநாள் மத்தியானம். ஆச்சிப்பிள்ளை காலையிலேயே வந்து இறால் உரித்துவிட்டாள். யசோதினி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இலை போட வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஆச்சிப்பிள்ளை இலையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். போட்டால் அவள் விதவை, போடாவிட்டால் மனைவி. இதை முடிவுசெய்ய ஒருவராவது தன்னைக் கேட்டதுண்டா? கடல் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

சாராயம், சுருட்டு, தீப்பெட்டி. கதவைச் சாத்திவிட்டு இருவரும் முற்றத்தில் நின்றார்கள்.

வேலிக் கடப்பில் உதயரூபன் வந்து நின்றான்.

ஆச்சிப்பிள்ளை மணலில் அப்படியே இருந்துவிட்டாள். “தம்பி” என்று உதடு அசைந்தது. சாத்திய கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், திரும்பவும் கதவைப் பார்த்தாள். அவன் அக்காவைத் தூக்கக் குனிந்தான். அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள்.

யசோதினி அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“உள்ளுக்குப் போங்க. உங்களுக்குத்தான் வெச்சிருக்கு.”

“யசோ…”

“அஞ்சு வருசமா வெச்சன். ஒருக்காலும் தொடல்ல. போங்க.”

அவன் போனான். கதவை அவள்தான் சாத்தினாள்.

கிளாஸ் தரையில் உரசியது கேட்டது. பிறகு தீக்குச்சி. ஐந்து திவசத்திலும் கேட்காத சத்தம் அது. கதவின் கீழால் சுருட்டு மணம் வந்தபோது ஆச்சிப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள், மூக்கையல்ல.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கதவு திறக்கிறது. அக்கா கட்டிப் பிடித்து அழுகிறாள், யசோதினியின் நெற்றியில் பொட்டு. கொழும்பு நண்பர் ஒருவர் இதைப் படித்துக் கண் கலங்கினார். எனக்குக் கோபம்தான் வந்தது.

(ஆ) திறந்தால் உள்ளே ஒருவருமில்லை, அரைச் சுருட்டு மட்டும் புகைகிறது. மலிவான வித்தை. அவள் ஏழு வருடம் பட்டதை ஒரு பேய்க்கதையாக்க நான் யார்?

(இ) அவள் வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்கு பஸ் ஏறுகிறாள். இது எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே—

இல்லை. என்னால் முடியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, ஒருமுறையாவது தன்னைக் கேட்க வேண்டும் என்பது. நானும் கேட்காமல் முடித்துவிட்டால் கடலுக்கும் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

உள்ளே இருமல் சத்தம். சுருட்டு முடியப் போகிறது. முறைப்படி மூன்று தட்டுத் தட்டினால், வந்தவர் போய்விட வேண்டும். தட்டாமல் திறந்தால், உள்ளே இருப்பது உயிருள்ள மனிதன்.

யசோதினி கையை உயர்த்தி, மடித்த விரல்களைக் கதவின் பலகையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் பேனாவை வைத்துவிட்டேன். நீங்களும் அவளை அவசரப்படுத்தாதீர்கள்.