மட்கார்டில் உரசிய டயர்

தோஹாவிலிருந்து கார்கோவில் ஒரு பெட்டி வருகிறது என்று ஜான்ரோஸ் சொன்னபோது, கம்பளியும் பால்பொடியும்தான் இருக்கும் என்று அவன் மனைவி ஷீஜா நினைத்தாள். பிரித்துப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் நான்கு அலாய் வீல்கள். கடியப்பட்டணத்து வீட்டில் நின்றது பன்னிரண்டு இஞ்ச் வீல் போட்ட சின்னக் கார். வந்திருந்ததோ பதினான்கு இஞ்ச். அடுத்த மாதம் லீவில் வருவதற்குள் மாட்டி வைக்கச் சொன்னான். எதற்கு என்று கேட்டாள். வண்டி பார்க்க நன்றாக இருக்கும் என்றான். தினமும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் அவள். காருக்கு என்ன குறை என்று அவளுக்குப் புரியவேயில்லை.

திங்கள்சந்தையில் டயர்க் கடை வைத்திருந்த மைதீன் கனி, வீல்களுக்குப் புது டயர் போட்டு மாட்டிக் கொடுத்தார். அவள் தனியாக ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் சத்தியபாயையும் அவருடைய தங்கைகள் இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனபோது, பள்ளத்தில் இறங்கிய இடத்தில் பின்னாலிருந்து 'கர்ர்' என்றது. வேகத்தடையில் மறுபடியும். வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை.

"புது டயரு மக்கா, அப்பிடித்தான் கெடக்கும்," என்றார் சத்தியபாய்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்வந்தபோது சத்தமே இல்லை. சாயங்காலம் மைதீன் கனியிடம் விட்டாள். அவர் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஒன்றும் கேட்கவில்லையே என்றார். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே சத்தம். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் வைக்க வேண்டும் என்றார்கள். இன்னொருவர் மட்கார்டின் உள்விளிம்பை வெட்டிவிட்டால் சரியாகும் என்று கட்டரையே எடுத்துவிட்டார். அவள் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். போனில் ஜான்ரோஸ் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொன்னான். மெதுவாக ஓட்டினாலும் ஞாயிறு என்றால் சத்தம் வந்தது. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று ஷீஜா நினைக்கத் தொடங்கினாள்.

அது போதாதென்று இன்னொன்று. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பன்னிரண்டு கிலோமீட்டர். நான்கு வருஷமாக மீட்டரில் அப்படித்தான் காட்டியது. இப்போது பதினொன்று காட்டியது. பள்ளிக்கூடம் எப்படிப் பக்கத்தில் வரும்? கணக்கு டீச்சர் அவள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், மதிய உணவு வேளையில் சட்டென்று அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. தனியாகப் போனால் சத்தம் இல்லை; பின்னால் மூன்று பேர் இருந்தால் சத்தம். அன்று சாயங்காலமே மாமியாரையும் அவருடைய தங்கைகளையும் ஏற்றிக்கொண்டு மைதீன் கனியின் கடைக்குப் போனாள். கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பின் மட்கார்டின் உள்விளிம்பில் அழுத்தித் தேய்த்தாள். வேகத்தடை மேல் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து, மைதீன் கனியைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். டயரின் தோளில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "கடையில கெடந்த அளவப் போட்டுட்டேன் டீச்சர். ரிம்மு பெருசானா டயரு சதை கொறையணும். மொத்த ஒசரம் பழையதுதான் வரணும்," என்றார்.

பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் 145/80 R12. புதியதில் 175/65 R14. ஷீஜாவுக்கு மேலும் குழப்பம்தான் வந்தது. எண்பதைவிட அறுபத்தைந்து சிறியதுதானே, பிறகு எப்படி டயர் பெரிதாகும்? மைதீன் கனி விளக்கினார்: முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, ரிம்முக்கு மேல் நிற்கும் டயர்ச் சதையின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது ரிம், இஞ்சில். ஒரே வரியில் மூன்று அளவை. ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் அவள் சுழித்திருப்பாள். கைப்பையிலிருந்த ஒரு விடைத்தாளின் பின்புறத்தில் இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவது தடவை சரியாக வந்தது. பழையது ஐம்பத்து மூன்றரை சென்டிமீட்டர் உயரம். புதியது ஐம்பத்தெட்டு. சக்கரம் பெரிதாகிவிட்டதால் குறைவாகச் சுற்றியது. அதனால்தான் மீட்டரில் ஒரு கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. அதைத் தெரிந்துகொண்டபோது அவளுக்கு அழுகை வருவதுபோல் ஆறுதலாக இருந்தது.

மைதீன் கனி அந்த டயர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இரண்டு நாளில் 165/55 R14 வரவழைத்து மாட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள். மூன்று பெண்களையும் ஏற்றி மறுபடியும் வேகத்தடையில் விட்டார்கள். விளிம்பில் தேய்த்த சாக்பீஸ் டயரில் ஒட்டாமல் அங்கேயே இருந்தது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் மட்டும் முன்டயர் உள்ளேயிருந்த பிளாஸ்டிக்கைத் தொட்டது. அதை ஒரு திருகு போட்டு இழுத்துக் கட்டியதும் அதுவும் நின்றது.

ஜான்ரோஸ் லீவில் வந்த மறுநாள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திற்பரப்புக்குப் புறப்பட்டான். போவதற்கு முன் காரை இரண்டு சுற்று சுற்றிவந்து பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. குலசேகரம் வரை பள்ளம் மேடு எல்லாவற்றிலும் ஷீஜா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் சதை குறைந்த டயர் ஆனதால் சின்னக் கல்லுக்கும் வண்டி தூக்கிப் போட்டது.

"நம்ம ரோடு ரொம்ப மோசமாயிட்டு, இல்லியா?" என்றான் ஜான்ரோஸ்.

ரோடு இல்லை, நீங்கள் அனுப்பிய வீல்தான் என்று சொல்வதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்சீட்டில் சத்தியபாய் கூரையில் இடித்த தலையைத் தடவிக்கொண்டிருந்தார். ஷீஜா ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.