புல்வெளியில் தோண்டிய குழிகள்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, கடலோரமாக இருந்த அந்தப் புல்வெளிக் காப்பகத்தின் வாசலில் காலையிலேயே குட்டியானை வண்டி வந்து நின்றது. வெண்மதி ஓடிப்போய் வேப்பங்கன்றுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். அன்று அவளுக்கும் அன்பரசுவுக்கும் கல்யாண நாள். வனவரான அவன், கடலூரில் மீட்டிங் என்று விடியும்போதே கிளம்பியிருந்தான். அவன் திரும்புவதற்குள் இந்தப் பொட்டலில் கன்று நட்டு அவனை அசத்திவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வனவர் வீட்டம்மா ஆயிற்றே, காவலாளியும் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டார்.

"அக்கா, மாமாவ இனிமே எவனும் மரம்வெட்டி ஃபாரஸ்டருன்னு சொல்லமாட்டான் பாரு!" கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தான் தம்பி செம்பியன்.

அந்தப் பட்டப்பெயர்தான் அவளை ரொம்ப நாளாகக் குத்திக்கொண்டிருந்தது. காப்பகத்தை அடைத்திருந்த சீமைக்கருவேலத்தை அன்பரசு வேரோடு பிடுங்கிப் புல்லை வளரவிட்டதிலிருந்து, சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இதே கேலி. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

நட்டு முடிக்கிற வரைக்கும் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றின.

"நமக்கு வாழ்த்து சொல்லுதுங்கக்கா" என்ற செம்பியன், செல்ஃபி எடுத்துக்கொண்டு சிதம்பரம் புறப்பட்டான்.

மதியம் திரும்பிய அன்பரசுவின் முகம், வரிசையாக நின்ற கன்றுகளைப் பார்த்ததும் வெளுத்துப்போனது. குருவிகள் கத்திய பக்கம் நடந்தான். ஒரு கன்றின் ஓரம் குவிந்திருந்த மண்ணை விரலால் மெல்ல விலக்கினான். புள்ளி போட்ட முட்டைகள், நசுங்கிக் கிடந்தன.

அந்த மண்ணை அள்ளிப் போட்டது வெண்மதியேதான்.

"ஏங்க... கூடே இல்லியே. கூழாங்கல்லுன்னுல்ல நெனச்சேன்!"

"அதுக்கு வெறுந்தரதான் கூடு மதி. மரம் வளந்தா காக்கா வந்து ஒக்காரும், ஒரு முட்ட தங்காது. நெழல்ல புல்லும் செத்துடும். அப்புறம் முயலு, வானம்பாடியெல்லாம் எங்க போவும்?" அவளை நிமிர்ந்து பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. குருவிகளில் ஒன்று இறங்கி வந்து, உடைந்த முட்டைகளின் அருகே சத்தமில்லாமல் நின்றது. அதைப் பார்க்க முடியாமல் குனிந்தவள், அப்படியே கன்றுகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.

செல்போன் அடித்தது. செம்பியன்தான். "அக்கா, ஸ்டேட்டஸ் போட்டேன். லைக்கு ஜாஸ்தியாவுது!"

"மொதல்ல அத எடுத்துடுடா. ஒடனே திரும்பி வா. இந்தக் கன்னுங்கள நம்ம தெருவோரமா நட்டுக்கலாம்."

"எதுக்குக்கா? அது சும்மா கெடக்குற பொட்டல்தான?"

அவள் பிடுங்கிய கன்றைக் கீழே வைத்தாள். "அதுங்களுக்கு இதுதான்டா ஊடு. மரம் நட்டா எங்க நட்டாலும் புண்ணியம்னு நெனச்சு, ஒரு குடும்பத்தையே மண்ணு போட்டு மூடிட்டேன். காட்டுக்கு மரம் எப்பிடியோ, புல்வெளிக்குப் புல்லு அப்பிடி. ஒரு நெலத்துக்கு நல்லது செய்யணும்னா, அங்க யாரு குடியிருக்காங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். தெரியாம செய்யற நல்லதும் பாவந்தான்டா!"