பன்னிரண்டாம் மாதத்து வஜ்தி

உழைத்த எவர் பெயரையும் அறிவியல் மறப்பதில்லை. துனிஸ் நகரத்து அந்த ஆய்வு நிலையத்தின் வாசலில், பளிங்குக் கல்லில், தங்க எழுத்தில் அப்படித்தான் பொறித்திருந்தது. கீழே ஒரே ஒரு பெயர், இயக்குநர் ஷத்லியுடையது.

முனைவர் ஒல்ஃபாவின் பெயர் மேசையில் ஒட்டுத்தாளில் இருந்தது. ஜூன் பிறந்ததும் அதையும் உரித்துவிட்டார்கள். இளம் ஆய்வாளர்களுக்கு அங்கே ஜூலை முதல் மே வரை பதினோரு மாத ஒப்பந்தம்தான். முழு ஆண்டு ஆனால் நிரந்தரம் கேட்பார்களாம். ஜூனில் அவர்கள் யாரும் ஊழியர்கள் இல்லை. கண்ணாடித் தட்டில் வளரும் செல்களுக்கு இது தெரியாது. இரண்டு நாளுக்கொருமுறை தீனி வைக்காவிட்டால் செத்துவிடும். ஆகவே எல்லோரும் வந்தார்கள், வஜ்தியின் நுழைவு அட்டையைக் காட்டி. மூன்று வருடத்துக்கு முன் இதே மாதத்தில் காணாமல் போனவன் வஜ்தி. அவன் அட்டையை ரத்து செய்ய நிர்வாகம் மறந்திருந்தது. அது மல்லிகைத் தொட்டிக்கு அடியில் கிடக்கும். எடுத்துக் காட்டினால், "நல்வரவு, முனைவர் வஜ்தி" என்று கதவு திறக்கும்.

முதல் வாரம் சிரித்தார்கள். அடுத்த வாரம் நடைபாதை விளக்கு ஒல்ஃபாவுக்கு எரியவில்லை. ஆள் அசைவு கண்டு தானே எரியும் விளக்கு அது. கையை ஆட்டினாள், குதித்தும் பார்த்தாள். பின்னால் ஒரு பூனை வந்தது. எரிந்தது.

எதிரே இயக்குநர் வந்தார்.

"வணக்கம், சி ஷத்லி," என்றாள், அவ்வூர் மரியாதைச் சொல்லான 'சி'யையும் சேர்த்து.

அவர் பூனைக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போனார்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலை. ஊர் முழுக்க மொட்டைமாடிகளில் ஆட்டிறைச்சி சுடும் புகை. தொட்டிக்கு அடியிலிருந்து ஒல்ஃபா எடுத்தபோது அட்டை இளஞ்சூடாக இருந்தது. உள்ளே செல்களுக்கு யாரோ ஏற்கெனவே தீனி வைத்திருந்தார்கள். பதிவேட்டில் 'வஜ்தி' என்று கையெழுத்து, மை காயவில்லை.

சக ஆய்வாளன் ஸுஹைரைக் கைபேசியில் பிடித்தாள்.

"நீயா வந்து தீனி வச்ச?"

"நானா? அம்மா என்னை ஆட்டுத்தலை பொசுக்க உக்கார வச்சிருக்காங்க. பெருநாளும் அதுவுமா அங்க என்னடி பண்ற, பைத்தியம்?"

"அப்ப யாரு?"

"வஜ்திதான்." சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான். "ஒல்ஃபா, அவன் எங்க போனான்னு நாம யாராவது கேட்டோமா?"

"கனடான்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"



விடுமுறை கழிந்ததும் ஒப்பந்த ஆய்வாளர்கள் எட்டுப் பேரும் தொழிற்சங்கம் தொடங்கக் குளிர் அறையில் கூடினார்கள். இயக்குநருக்குச் சளி பிடிக்கும், அங்கே வரமாட்டார்.

"சம்பளம் அப்புறம் பேசலாம்," என்றாள் ஒல்ஃபா. "நான் இங்க இருக்கேன்னு ஏதாவது ஒரு காகிதத்துல இருக்கணும். எனக்குச் சங்கம் அதுக்குத்தான்."

"தலைவர் பதவிய பூனைக்குக் குடு," என்றான் ஸுஹைர். "உன்னவிட அதுக்குத்தான் இங்க செல்வாக்கு."

சங்க உறுப்பினர் பட்டியல் கைமாறிச் சுற்றி வந்தது. ஒல்ஃபா எண்ணினாள். ஒன்பது கையெழுத்துகள். கதவு மூடியே இருந்தது. ஒன்பதாவதை அவள் பதிவேட்டில் பார்த்திருக்கிறாள்.

"அந்தப் பேர அடிச்சிடவா?" என்றாள் மெதுவாக.

"வேணாம்," என்றான் ஸுஹைர், யார் முகத்தையும் பார்க்காமல். "அவனும் நம்மாளுதான்."

தொழிலாளர் அலுவலகம் பட்டியலை நிலையத்தின் ஊழியர் பதிவோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பியது. எட்டுப் பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. வஜ்தி ஊழியர்தான் என்று குறித்திருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்கு, சி ஷத்லி கையொப்பமிட்ட பாராட்டுக் கடிதமும் அவனுக்கு வந்திருந்தது.