விட்டுப்போன சீன்

சிவகாசி அச்சகம் ஒன்றில் மிஷின் ஓட்டுகிற சண்முகவேலுக்கு நாடகம் எழுதுவதில் பித்து. சீசன் நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. இருந்தும், அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி பாதுகாப்பு நாளுக்கு நாடகம் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை.

சின்னக் கதைதான். தொழிலாளி ஒருவன் வெடிமருந்து வாளியை அசட்டையாகத் தரையில் இழுக்கிறான். அறை வெடிக்கிறது. மனைவி அழுகிறாள். மனைவியாக நடிக்க வந்தவள் அங்கேயே வெடி அடைக்கிற கற்பகவல்லி. அவள் புருஷனும் வேறொரு ஆலையில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். அது தெரிந்ததும் சண்முகவேல் ஆளை மாற்றப் பார்த்தான். அவள் விடவில்லை.

ஒத்திகை முடிந்து எல்லாரும் வேனுக்கு நடந்தார்கள். அவள் மட்டும் நின்றாள்.

“அண்ணே, இதுல ஒரு சீன் விட்டுப்போச்சு.”

“எல்லாம் சரியாத்தானம்மா இருக்கு.” அவனுக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது.

“எங்க வீட்டுக்காரவுக அசட்டையான ஆளு இல்லண்ணே. வாளியைக் கைப்பிள்ள கணக்காத் தூக்குவாக. அன்னைக்கு லோடு ஏத்த லாரி நின்னுச்சாம். ‘ஏலே, சீக்கிரம் சீக்கிரம்’னு போர்மேன் வாசல்லயே நின்னு விரட்டுனாராம். அது இல்லாம எம்புட்டு அழுதாலும் எனக்குப் பொய்யாத்தான் இருக்கு.”

மறுநாள் மிஷின் இரைச்சலுக்கு நடுவே வெடிப்புக்கு முந்தைய சீனாக அதை எழுதினான். அரைப் பக்கம்தான். பழைய கதையில் ‘அசட்டையாக’ என்பதை ‘அவசரமாக’ என்று மாற்றியதோடு சரி, மற்றதெல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டது.

கம்பெனி மேனேஜர் ராஜபாண்டியன் படித்துவிட்டு, “இந்தப் போர்மேன் சீன மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி” என்றார். வாதாடத் தெம்பில்லாமல் சண்முகவேல் தலையாட்டினான்.

“அப்ப வேற ஆளப் பாத்துக்கோங்க சார்” என்றாள் கற்பகவல்லி.

அவளுக்குப் பதிலாக நடிக்க ஒருத்தியும் முன்வரவில்லை. பாதுகாப்பு நாள் வெறும் பேச்சோடு முடிந்தது.

பங்குனியில், ஆமத்தூர்க் கோயில் பொட்டலில் சாயங்காலம், கம்பெனியை எதிர்பார்க்காமல் அவர்களே முழு நாடகத்தையும் போட்டார்கள். போர்மேன் வேடக்காரன் கத்தியதும் பெண்கள் பக்கம் பேச்சு அடங்கியது. “அப்பிடியேதான் கத்துவாக!” என்று ஒரு குரல் எழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. கற்பகவல்லி ஒத்திகையில் அழுத அளவுக்குக்கூட அழவில்லை. உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

நாடகம் முடிந்து குழாயடியில் முகம் கழுவினாள். திரையை மடித்துக்கொண்டிருந்த சண்முகவேலிடம் வந்தாள்.

“இப்பச் சரியா இருக்குண்ணே. விடிஞ்சா வேன் வந்துரும், நான் வாரேன்.”

அவள் போனபின், மடித்த திரைமேலேயே அவன் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது.