தூக்காத கால்

பாலாற்றின் இரண்டு கரையிலும் கபடி ஆடுகிறவர்கள் யாரும் இப்போது காலைத் தூக்குவதில்லை. தூக்கினால் கேவலம். ஆம்பூர் பூவரசன் எப்படிப் போகிறானோ அப்படித்தான் எல்லோரும் போகிறார்கள்: முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு பாதமும் தரையை விட்டு எழாமல், தரையைத் துடைத்துக்கொண்டே போவதுபோல. பழைய பாணியில் குதித்துக் குதித்துப் பாடிப் போகிறவனைப் பார்த்தால், "இன்னாண்ணா, கால்ல முள்ளு குத்திக்கிச்சா?" என்று வேடிக்கை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் பூவரசனின் பயம்தான் என்பது பூவரசனுக்கு மட்டும் தெரியும். அவன் பெண்டாட்டி சௌமியாவுக்கும் தெரியும். ஆனால் பெண்டாட்டி சொன்னால் ஊர் எங்கே நம்புகிறது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அணைக்கட்டில் ஓர் ஆட்டம். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, இடது காலை அந்தரத்தில் வைத்திருந்தான். மூலையில் நின்றவன் அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு திருகு திருகினான். கட்டுப் பிரித்த பிறகு நடக்க வந்தது, ஓடவும் வந்தது. எதிரே ஏழு பேர் கையை விரித்துக்கொண்டு நின்றால் மட்டும் அந்தக் கால் தரையை விட்டு எழ மறுத்தது. மனசு உத்தரவு போடும். கால் விடுப்பு கேட்கும்.

எழாத காலை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்பது அவன் பிழைப்பிலேயே இருந்தது. அவன் வேலை செய்கிற, தோல் பதனிடும் டேனரியில் ஈரப்பகுதியின் தரை எந்நேரமும் சுண்ணாம்புத் தண்ணீரும் கொழுப்புமாகத்தான் கிடக்கும். ஊறிய தோலைத் தோளில் போட்டுக்கொண்டு அதில் காலைத் தூக்கி வைத்தவன் மல்லாந்துதான் போவான். ஆகவே அங்கே யாரும் நடப்பதில்லை, இழைந்து போகிறார்கள். பூவரசன் மறுபடி களத்தில் இறங்கிய அன்று, பயத்தில் வேறு வழி தோன்றாமல், டேனரித் தரையில் போவதுபோலவே எதிராளி பக்கம் இழைந்து போனான். கணுக்கால் பிடிக்கிறவன், கால் எழும்பும் நொடிக்காகக் குத்தவைத்துக் காத்திருந்தான். நொடி வரவே இல்லை. காத்திருந்தபடியே தொடப்பட்டு வெளியே போனான். அன்றைக்கு நாலு பேர் அப்படிப் போனார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். களத்துக்கு ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள், நன்றாகச் சறுக்க வேண்டுமாம். மூலையில் நின்று கணுக்கால் பிடிப்பதிலேயே பேர் வாங்கியவர்கள், பிடிக்கக் கால் இல்லாமல், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். பாலாறு வட்டாரக் கபடிப் பேரவையின் தலைவர் ஆதிகேசவன் இந்த ஆட்டத்துக்கு 'ஆதி சறுக்கு' என்று பெயர் வைத்தார். தன் பெயரில் பாதியைத் தானம் செய்த பெருந்தன்மையை அவரே மேடையில் குறிப்பிட்டார். நம் முன்னோர்கள் காட்டில் வேட்டையாடும்போது இப்படித்தான் சறுக்கினார்கள் என்றும் கண்டுபிடித்தார். ஆதாரம் கேட்டவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அவர்தான் டேனரியில் பர்சனல் மேனேஜரும் என்பதால், பூவரசன் கேட்கவில்லை.

ஆம்பூரில் நடக்கிற இந்த வருஷப் போட்டிக்குப் பேரவை ஒரு முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது. மண் களம் வேண்டாம். சென்னையிலிருந்து லாரியில் ரப்பர் மேட் வந்தது, நீலமும் மஞ்சளுமாக. மேட்டில் ஆட ரப்பர் அடி வைத்த புது ஷூவும் வந்தது. போட்டி நடத்துகிற ஊர் நேராக ஃபைனலுக்குப் போகும் என்று ஒரு விதியும் கூடவே வந்தது. ஆகவே சனிக்கிழமை அரையிறுதியில் பூவரசன் ஆடவில்லை. பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தான்.

கணியம்பாடிக்கும் நாட்றம்பள்ளிக்கும் ஆட்டம். கணியம்பாடி நவீன்குமார் காலேஜ் படிக்கிற பையன். பூவரசனின் வீடியோவைப் பார்த்துப் பார்த்தே சறுக்கப் பழகியவன். உள்ளே வருவதற்கு முன்னால் பூவரசனைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டான். பிறகு இழைந்து போனான். மேட்டில் ஷூ 'கிறீச்' என்றது. பாதம் ஒட்டிக்கொண்டு நின்றது, உடம்பு மட்டும் போனது. அந்த நேரம் பார்த்து நாட்றம்பள்ளி ஜான்சன் பக்கவாட்டில் பாய்ந்து தோளால் மோதினான். முறையான மோதல்தான், விதியில் உள்ளது. மண்ணாக இருந்தால் பாதம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். ரப்பர் விடவில்லை. நடுவில் இருந்த முழங்கால்தான் வழி விட்டது.

அந்தச் சத்தம் பூவரசனுக்குத் தெரிந்த சத்தம். ஊறிய தோலை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஓரம் கிழிந்தால் அப்படித்தான் கேட்கும். பையன் முதலில் கத்தவில்லை. தன் கால் போயிருக்கிற திசையைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான்.

ஒலிபெருக்கி, "வீர விளையாட்டில் இது சகஜம்" என்றது.

பூவரசன் ஆதிகேசவனைத் தேடிப்போனான். மனிதர் பந்தலுக்குப் பின்னால் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்கு மண்ணுலயே ஆடிக்கலாம் சார். மேட்டு காலை விட மாட்டேங்குது. பையனுக்கு ஆனதப் பார்த்தீங்கல்ல."

"அவன் கத்துக்குட்டி, தம்பி. நீ ஒரிஜினல்."

"ஒரிஜினலுக்கும் முட்டி இதேதான் சார்."

"ஹா! இன்னா டைமிங்கு பாரு!"

"சார், எனக்குப் பயமா கீது. நிஜமாவே. நான் ஆடல சார்."

ஆதிகேசவன் இளநீரைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியது. பூவரசனுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அவர் அவனைத் தோளில் அணைத்து, நேராக மைக்குக்கு நடத்திக்கொண்டு போனார்.

"பெருமக்களே! நம் சறுக்கு நாயகன் இப்போது என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றார்! எவ்வளவு பெரிய வீரன், எவ்வளவு பெரிய அடக்கம்!"

கூட்டம் கைதட்டியது. பூவரசன் கும்பிட்டான். வேறென்ன செய்வது? கை தட்டுகிறவர்களிடம், இல்லைங்க, நிஜமாகவே பயம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இன்னும் ஜாஸ்தி தட்டுவார்கள்.

வீட்டுக்குப் போனபோது சௌமியா ஷூ கம்பெனியில் சனிக்கிழமை ஷிப்ட் முடித்து வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் புது ஷூவை மாட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் சறுக்கிப் பார்த்தான். 'கிறீச்.' இன்னொரு தரம். 'கிறீச்.' ஒவ்வொரு முறையும் முழங்காலுக்குள் ஏதோ ஒன்று தயங்கியது.

"யோவ், பல்லு கூசுது. நிறுத்து."

"இதோட அடியில ஏதாவது ஒட்ட முடியுமாடி? வழுக்கற மாதிரி?"

"அடிச்சு ஒட்டின சோல் இது. மேல எதையாவது ஒட்டினா பாதி ஆட்டத்துல பிச்சிக்கினு வரும். அப்ப மொத்தமாப் போவ." கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "காலத் தூக்கி ஆடு மாமா. முன்னல்லாம் ஆடினல்ல?"

"தூக்க வரலடி."

"இன்னா வரல? ரேஷன் கடையில கெழவிங்களத் தாண்டிக்கினு போவும்போது வருது?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள். கிட்டே வந்து அவன் இடது முழங்காலில் கை வைத்தாள். வெங்காயக் கை.

"முட்டி போனா ஈரப்பகுதியில நிக்க முடியாது. தோல் சுத்தற டிரம்முகிட்ட நிக்க முடியாது. அந்த மேனேஜரு உன்னை ஒரு வாரம் பேப்பர்ல போடுவாரு, அப்பறம் வாட்ச்மேனாக்கூட வெச்சிக்க மாட்டாரு. எனக்குக் கப்பு வேணாம். ரெண்டு காலோட வா."

அன்றிரவு அவன் தூங்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நிற்க இடமில்லை. ஃபிளக்ஸில் பூவரசன் ஆதிகேசவனின் முழங்கை உயரத்துக்கு இருந்தான். ஆட்டத்துக்கு முன்னால் காலை உதறிக்கொண்டிருந்தவன் பக்கத்தில், அரையிறுதியில் ஜெயித்து வந்த நாட்றம்பள்ளி ஜான்சன் வந்து உட்கார்ந்தான். ஆறடிக்கு மேல் இருக்கிற ஆள். இன்றைக்கு ஏனோ சின்னதாகத் தெரிந்தான்.

"மச்சி, ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றான் ஜான்சன். "நவீனோட அம்மா என்னை ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தாங்க. அதான் தாங்க முடியல."

"நீ இன்னா பண்ணுவ? ஆட்டம் அது."

"இன்னிக்கும் அதே ஆட்டம்தான்டா. உன் ரெண்டு காலும் மேட்டுல ஒட்டற நேரம் பார்த்து சைடுல மோதச் சொல்லிக் கீறாங்க. கோச்சு, ஊரு, எல்லாரும். நான் மோதலன்னா என்னை உக்கார வெச்சிட்டு வேற எவனாவது மோதுவான்." தன் தோளைத் தேய்த்துக்கொண்டான். "நீ நிக்காம நவுந்துக்கினே இருடா. நின்னா நான் வந்துடுவேன். வந்தா எனக்கே நிறுத்த வராது."

"மேட்டுல நவுர முடியலடா."

இருவரும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவி வைத்த பாத்திரம்போல் பளபளவென்று இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் பூவரசன் கோட்டைத் தாண்டிப் போவான், வாசலில் நின்று விசாரித்துவிட்டுத் திரும்புகிறவன் மாதிரி திரும்புவான். தொடவில்லை, பிடிபடவும் இல்லை. ஒலிபெருக்கி அதை 'வியூகம்' என்றது. ஜான்சன் பக்கவாட்டில் தோளை இறக்குவதும், பூவரசனின் ஷூ 'கிறீச்' என்றதும் பின்வாங்குவதுமாக இருந்தான். அதையும் வியூகம் என்றது. மற்றவர்கள்தான் கபடி ஆடினார்கள். அவர்கள் புண்ணியத்தில் ஆட்டம் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. நாட்றம்பள்ளிக்கு ஒரு புள்ளி கூடுதல்.

இரண்டு தரம் வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது தரம் தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்று விதி. கடைசி ரெய்டும் அந்த மூன்றாவது தரமும் ஒன்றாக வந்து சேர்ந்தது பூவரசனுக்கு. கூட்டம் எழுந்து நின்று, "சறுக்கு! சறுக்கு!" என்றது. அம்மா இடுப்பிலிருந்த குழந்தைகள்கூடச் சொல்லியிருக்கும், பேச்சு வந்திருந்தால்.

"கபடி கபடி கபடி" என்று உள்ளே போனான். தன் குரலே வேறு யாருடையதோபோல் கேட்டது. முதல் கோட்டைத் தாண்டினான். எதிரே நால்வர் பிறை மாதிரி நின்றார்கள். இடது மூலையில் ஜான்சன், முகம் சாம்பல் நிறமாக. பூவரசன் உள்ளே போகப் போகப் பிறை மூடிக்கொண்டு வந்தது. பாதத்தை இழுத்தான். கொஞ்சம் வந்தது. இன்னொரு தரம் இழுத்தான். ஒட்டிக்கொண்டது. இரண்டு பாதமும். ரப்பரின் பிடி முழங்கால் வரைக்கும் ஏறுவது தெரிந்தது. கண் ஓரத்தில் ஜான்சனின் தோள் இறங்கியது. அந்தத் தோளுக்கு முன்னால் அவன் கண் தெரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்றபடி பாய்ந்து வருகிற கண்.

பூவரசன் இடது காலைத் தூக்கினான்.

எப்படித் தூக்கினான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. வீரம் வந்து தூக்கவில்லை. முழங்காலைப் பற்றிய பயம் கணுக்காலைப் பற்றிய பயத்தைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டு மேலே வந்தது, அவ்வளவுதான். முழங்காலளவுக்கு எழுந்த கால், காற்றில், யாரும் கேட்காத பிச்சை மாதிரி நின்றது.

தூக்கிய காலை இந்த வட்டாரத்தில் பார்த்து நாளாயிற்று. பிறையில் நின்ற மற்ற மூவருக்கும் என்ன செய்வதென்றே புரியவில்லை. ஒருவன் தன் கோச்சைத் திரும்பிப் பார்த்தான். பாதிப் பாய்ச்சலில் வந்த ஜான்சன் மோதவில்லை. அப்படியே குப்புற விழுந்து, விழுந்த வேகத்தில் அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பூவரசன் கண்ணை மூடிக்கொண்டான். திருகுக்காகக் காத்திருந்தான். "கபடி கபடி கபடி." வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுக்கோடு எங்கோ இருந்தது. எட்டிப் பாய்ந்தால் ஒருவேளை கை எட்டும். பாய்ந்தால் கால் திரும்பும். "கபடி கபடி."

திருகு வரவில்லை.

"வலிக்குதாடா?" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

பாடுகிறவன் பாட்டை நிறுத்திப் பேசினால் அவுட். கோப்பை, ஃபிளக்ஸ், தலைவர், எல்லாம் அந்த மூச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஜான்சன் அது தெரியாமல் கேட்கவில்லை, தெரிந்து தந்திரமாகவும் கேட்கவில்லை. நேற்றிலிருந்து யாரிடமாவது அதைக் கேட்டாக வேண்டியிருந்தது அவனுக்கு.

"இல்லடா" என்றான் பூவரசன்.

விசில் ஒலித்தது. நாட்றம்பள்ளிக்காரர்கள் ஓடி வந்து ஒருவர்மேல் ஒருவர் ஏறினார்கள். ஆம்பூர்க் கூட்டம் அவனை என்னவெல்லாமோ சொல்லித் திட்டியது. அதில் இரண்டொரு வார்த்தை உருதுவிலும் இருந்தது. ஒலிபெருக்கியில் ஆதிகேசவன் தொண்டையைக் கனைத்தார், மறுபடி கனைத்தார்.

ஜான்சன் எழுந்து உட்கார்ந்து, பிடித்திருந்த காலை மெதுவாக மேட்டின்மேல் வைத்தான். பூவரசன் அதைக் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. ஷூவுக்குள் கட்டைவிரலை அசைத்தான். அசைந்தது. அடுத்ததை அசைக்கக் கொஞ்சநேரம் பிடித்தது.